பெட்டிக்குப் போட்ட பூட்டு

மிஷினை நம்பாதே, மிஷினை நம்பச் சொல்கிறவனை அதைவிட நம்பாதே. இருபத்தெட்டு வருஷமாகப் பாய்லர்காரர் கட்டிக் காத்துவந்த கொள்கை இது. ஓட்டல் படுக்கை விரிப்புகளை மூட்டை மூட்டையாக வெளுத்துத் தரும் பெரிய சலவைக்கூடம் ஒன்றில் நீராவிப் பாய்லர் அவர் பொறுப்பு. பிரஷர் முள் சரியாகத்தான் நிற்கிறது என்று யாராவது சொன்னால் போதும், அவர் எழுந்துபோய் முள்ளை விரலால் ஒரு சுண்டு சுண்டிப் பார்ப்பார். முள்ளும் மனுஷன் செய்ததுதானே.

அவர் அப்படி ஆனதற்குக் காரணம் உண்டு. முன்பொரு நாள் துணி காயவைக்கிற உருளைக்குள் ஒருவன் தோள்வரை நுழைந்து சிக்கு எடுத்துக்கொண்டிருந்தான். அது தெரியாமல் இன்னொருவன் சுவிட்சைத் தட்டிவிட்டான். அன்று கேட்ட சத்தம் பாய்லர்காரர் காதை விட்டு இன்னும் போகவில்லை. அதற்குப் பிறகுதான் சலவைக்கூடத்தில் ஆளுக்கொரு சிவப்புப் பூட்டும் ஒரு அட்டையும் கொடுத்தார்கள். மிஷினில் கை வைக்குமுன் சுவிட்சை இறக்கிவிட்டு, அவனவன் பூட்டை அதில் மாட்டி, சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொள்ள வேண்டும். ஏன் நிறுத்தியிருக்கிறது என்பதை அட்டையில் எழுதித் தொங்கவிட வேண்டும். மாட்டியவன் வராமல் முதலாளியே வந்தாலும் அதைத் திறக்க முடியாது. பூட்டு இருந்தால் அட்டை இருக்க வேண்டும் என்று சட்டம்.

இப்படிப்பட்ட மனிதர் வீட்டுக்குத்தான் சுவரோடு பதிக்கிற மைக்ரோவேவ் வந்து சேர்ந்தது.

ஆசைப்பட்டு வாங்கியதில்லை. அவர் மனைவிக்கு வலிப்பு நோய். நாலைந்து வருஷமாக மாத்திரையில் அடங்கிக் கிடந்தது, மூன்று மாதத்துக்கு முன்னால் அடுப்பு முன் நின்றபோது வந்துவிட்டது. எரிகிற அடுப்பின் மேலேயே சாய்ந்தாள். இடது கை முழங்கைவரை வெந்துபோனது. நல்லவேளையாக அன்று விடுமுறை, அவர் வீட்டில் இருந்தார். மறுநாளே வெளியூரிலிருந்து மகள் வந்து இறங்கினாள்.

"அப்பா, இனிமே அம்மா தனியா இருக்கிறப்ப அடுப்பே பத்த வைக்கக் கூடாது. காலையில பால் சுட வைக்கணும், மத்தியானம் நீங்க ஆக்கி வச்சதைச் சுட வைக்கணும், அவ்வளவுதானே? மைக்ரோவேவ் போட்டுடலாம்."

"மேடை மேல ஒண்ணை வாங்கி வச்சாப் போதாதா? சுவத்தைக் குடைஞ்சு எதுக்கு?"

அதற்குப் பதில் சொன்னவர் அளவெடுக்க வந்திருந்த தச்சர். அளவெடுக்கிற நாடாவைவிட நீளமான நாக்கு அவருக்கு.

"ஐயா, மேடை மேல வச்சா ஒயர் தொங்கும். அம்மா விழுறப்ப கை எதையாவது பிடிக்கத்தான் பார்க்கும். ஒயரைப் பிடிச்சா பெட்டி தலையில வந்து இறங்கும். அலமாரிக்குள்ள பதிச்சுட்டா ஒயரும் இல்ல, இடிச்சுக்க மூலையும் இல்ல. நெஞ்சு உயரத்துல வச்சுத் தரேன், குனியவும் வேண்டாம், எட்டவும் வேண்டாம். நாற்காலியில உக்காந்துகிட்டே கதவைத் திறக்கலாம். இருக்கிற துளியூண்டு மேடையும் மிச்சம்."

"பின்னால காத்துப் போக வழி விடுவீங்களா? சூடாகிற எதுக்கும் மூச்சு விட இடம் வேணும்."

"பாய்லர்காரர் வீட்டுல அதை விட்டுட்டுப் போவேனா? மேலயும் பின்னாலயும் இடைவெளி உண்டு. சுவிட்சு பக்கத்து அலமாரிக்குள்ள. எல்லாத்தையும் விட முக்கியம் ஒண்ணு இருக்குங்க. ரெண்டு நிமிஷம்னு அமுக்கினா ரெண்டு நிமிஷத்துல தானா நின்னுடும். அம்மா விழுந்தே கிடந்தாலும் தீயும் இல்ல, புகையும் இல்ல."

"தானா நிக்கிற மிஷினை நான் இன்னும் பார்க்கல" என்றார் பாய்லர்காரர்.

"நீங்கதான் மாமியார் மாதிரி பக்கத்துலயே நின்னு பார்ப்பீங்களே, பார்த்துச் சொல்லுங்க" என்றாள் உள்ளேயிருந்து மனைவி.

பெட்டி பதிந்தது. அடுப்பு அவர் வேலை, பெட்டி அவள் வேலை என்று ஏற்பாடு. சாயங்காலம் அவர் சமைப்பார், பகலில் அவள் சுட வைத்துக்கொள்வாள். காலை மாத்திரையை வெறும் வயிற்றில் போடக் கூடாது, சூடான பாலில் ரொட்டியை நனைத்துத் தின்றுவிட்டுத்தான் போட வேண்டும். பச்சைப் பால் அவளுக்குக் குமட்டும். முப்பது நாளில் ஒரு நாள்கூடப் பெட்டி காலை வாரவில்லை. கீழ்வீட்டுத் தையல்காரியிடம் அவள் அதைப் பற்றிப் பேசினால், புது மருமகனைப் பற்றிப் பேசுகிற மாதிரி இருக்கும்.

முப்பத்தோராம் நாள் சாயங்காலம் அவள் கீழே தையல்காரியோடு பேசிக்கொண்டிருந்தாள். பாய்லர்காரருக்கு ஒரு வாய் பால் குடிக்கத் தோன்றியது. எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி அப்படியே பெட்டிக்குள் வைத்துப் பொத்தானை அமுக்கினார். உள்ளே பட்பட்டென்று நீல நெருப்பு பறந்தது. வெல்டிங் வைக்கிற மாதிரி ஒரு சத்தம். கதவைப் பிடித்து இழுத்தார், நின்றது. டம்ளர் விளிம்பு கறுத்திருந்தது.

உலோகம் வைக்கக் கூடாது என்று தச்சர் சொன்னாரா என்றால், சொன்னார். பெட்டியோடு வந்த புத்தகத்திலும் படம் போட்டிருந்தது. ஆனால் பயந்துபோன மனிதனுக்கு அதெல்லாம் நினைவுக்கு வருமா? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். இது கெட்டுப்போன பெட்டி, நாளைக்கு அவள் முகத்துக்கு நேராக வெடிக்கும் என்று முடிவு கட்டிவிட்டார். டம்ளரைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். மனைவி மேலே வந்ததும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் டம்ளர் வைத்த கதையும் வெளியே வரும், ஒரு வாரத்துக்கு அவள் சிரிப்புக்கும் தையல்காரி சிரிப்புக்கும் தீனி.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கிளம்பினார். மனைவி தூங்கிக்கொண்டிருந்தாள். இரவு மாத்திரை போட்டால் எட்டு மணிக்கு முன்னால் எழமாட்டாள். அவர் சமையலறைக்குப் போனார். பக்கத்து அலமாரியைத் திறந்து சுவிட்சை இறக்கினார். கதவுகளை மூடி, இரண்டு கைப்பிடிகளுக்கும் நடுவே வேலைப் பையில் இருந்த தன் சிவப்புப் பூட்டை நுழைத்து அழுத்தினார். சாவி பாக்கெட்டுக்குப் போனது.

அட்டை நினைவுக்கு வந்தது. அவருக்கு எழுத்து கூட்டிக் கூட்டித்தான் வரும். என்னவென்று எழுதுவது? ஏன் பூட்டினேன் என்று எழுதினால் டம்ளரையும் எழுத வேண்டும். எட்டு மணிக்குப் போனில் ஏதாவது சாக்குச் சொல்லிவிட்டு, ரொட்டியை மட்டும் தின்னச் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டு வெளிக்கதவை இழுத்துச் சாத்தினார்.

எட்டு மணிக்குப் பாய்லருக்குத் தண்ணீர் ஏற்றுகிற பம்பு அடைத்துக்கொண்டது. தண்ணீர் இல்லாத பாய்லர் என்பது திரி கிள்ளிய வெடி. கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டம் இறங்க இறங்க அவருக்கு உலகமே அந்தக் குழாய்க்குள் அடங்கிவிட்டது. தீயைக் குறைத்து, மாற்றுப் பம்பை ஓட்டி, அடைத்ததைப் பிரித்துக் குப்பையை எடுத்து மாட்டி முடித்தபோது மணி பத்தாக ஐந்து நிமிஷம். போன் வாசல் பக்கத்துத் தகரப் பெட்டியில் கிடந்தது. பாய்லர் அறைக்குள் அதைக் கொண்டுபோகக் கூடாது, கொண்டுபோனாலும் அந்த இரைச்சலில் கேட்காது.

போனை எடுத்துப் பார்த்தார். மனைவியிடமிருந்து ஆறு அழைப்புகள். முதலாவது எட்டு ஐம்பதுக்கு. கடைசி ஒன்பது நாற்பதுக்கு.

திருப்பி அடித்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. இன்னொரு முறை. எடுக்கவில்லை.

"என்ன பாய்லரு, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே?" என்றான் தராசு. மூட்டைகளை எடை போடுகிறவனுக்குச் சலவைக்கூடம் வைத்த பெயர் அது.

ரொட்டி இருக்கிறது, வெறும் ரொட்டியைத் தின்றிருப்பாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தின்றிருக்க மாட்டாள் என்று அவருக்குத் தெரியும். பிடிவாதத்தில் அவள் அவருக்கு அக்கா. ஐம்பது நிமிஷம் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறாள். மாத்திரை நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. பிறகு சிலிண்டரைத் திறந்திருப்பாள்.

தையல்காரிக்குப் போன் போட்டார்.

"தங்கச்சி, கொஞ்சம் மேல போய் அண்ணியைப் பாரு. போன் எடுக்கல."

"இப்பத்தாண்ணே போயிட்டு வந்தேன். மேல ஏதோ விழுந்த மாதிரி தொம்முனு கேட்டுச்சு. பெல் அடிச்சேன், திறக்கல. குளிக்கிறாங்களோன்னு வந்துட்டேன். அண்ணே, உங்க வாசல்ல ஒரு மாதிரி நாத்தம் வருதே, என்னது அது?"

பாய்லர்காரருக்குப் புரிந்துவிட்டது. பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்திருக்கிறது. காஸ் வந்துகொண்டிருக்கிறது. அதற்கு நடுவில் இவள் பெல்லை அமுக்கியிருக்கிறாள். அந்தப் பெல்லின் பொறி ஒன்று போதும்.

"பெல்லைத் தொடாதே! இனிமே தொடவே தொடாதே! நான் சொல்றதை மட்டும் செய். முதல்ல கீழே தெரு வாசல்ல மீட்டர் பலகை இருக்குல்ல, அதுல மூணாவது எங்க வீடு. அதை இறக்கிடு. உள்ளே ஃப்ரிட்ஜ் இருக்கு, அது எப்ப வேணா உறுமும். அது உறுமினா..."

"ஐயோ அண்ணே..."

"அழாதே, கேளு. ஒரு துண்டை நல்லா நனைச்சு உன் இஸ்திரிப் பெட்டியில சுத்து. நடையில இருக்கிற எங்க சமையலறை ஜன்னல் கண்ணாடியை அதால உடை. வெறும் இரும்பால அடிக்காதே. உடைச்சுட்டு, கம்பி வழியா கையை விட்டு ரெண்டு ஜன்னல் கதவையும் விரியத் திற. போனைக் கொண்டுபோகாதே. அங்கேயே வச்சுட்டுப் போ."

"அண்ணே, உங்க வீட்டுச் சாவி..."

"என்கிட்டதான் இருக்கு."

தையல்காரியிடம் ஒரு சாவி இருந்திருக்கலாம். கை வெந்த சமயத்தில் அவளே கேட்டாள், அண்ணே ஒரு சாவி என்கிட்ட இருக்கட்டுமே என்று. வீட்டுச் சாவியை அடுத்தவர் கையில் கொடுக்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை என்று சொல்லி அனுப்பியவர் இவர்தான்.

போன் மேசையில் வைக்கப்பட்ட சத்தம் கேட்டது. செருப்புச் சத்தம் ஓடி மறைந்தது. பிறகு அந்த அறையின் மின்விசிறி மட்டும் போனுக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. எங்கோ ஒரு ரேடியோவில் யாரோ சோப்பு விற்றுக்கொண்டிருந்தார்கள்.

போனைக் காதில் அழுத்திக்கொண்டே ஒற்றைக் கையால் அவர் பாய்லரை நிறுத்தினார். எரிகிற பாய்லரை விட்டுவிட்டு ஓட முடியாது, இந்தக் கூரையின் கீழே நாற்பது பேர் இருக்கிறார்கள். எண்ணெய் வால்வை மூடினார். தீ அணைந்தது.

"தராசு, இந்தக் குழாயைப் பார்த்துக்கிட்டே நில்லு. தண்ணி இந்தக் கோட்டுக்குக் கீழே போனா எல்லாரையும் வெளியே அனுப்பிட்டு நீயும் ஓடு. வேற எதையும் தொடாதே."

"பாய்லரை நிறுத்தினா மேஸ்திரி குதிப்பாரே. எங்கேய்யா போறே?"

"வீட்டுக்கு. என் பொண்டாட்டி..."

"வேன் வாசல்ல நிக்குது, ஓடு" என்றான் தராசு.

விரிப்பு மூட்டை ஏற்றிய வேனில் முன்சீட்டில் ஏறினார். காதிலிருந்து போனை எடுக்கவே இல்லை. மின்விசிறி. சோப்பு விளம்பரம் முடிந்து ஒரு பாட்டு. காஸ் மேலே போகாது, தண்ணீர் மாதிரி தரையில்தான் தேங்கும் என்பது அவருக்குத் தெரியும். விழுந்தவள் தரையில்தான் கிடப்பாள் என்பதும் தெரியும். இந்த இரண்டும் தெரியாத மடையனாக இருந்திருக்கக் கூடாதா என்று இருந்தது. வெடிச் சத்தம் இந்தப் போனுக்குள் எப்படிக் கேட்கும்? முதலில் கேட்குமா, இல்லை லைன் மட்டும் அறுந்துபோகுமா? சிவப்பு விளக்கில் வேன் நின்றது.

"போப்பா, போ!"

"எதிர்ல லாரி வருது பெரியவரே, ரெண்டு பேரும் போய்ச் சேர்ந்துடுவோம்" என்றான் வேன்காரன்.

பாக்கெட்டில் கை பட்டது. சிவப்புப் பூட்டின் சாவி. சின்னதாக, உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தது. அதைத் தெருவில் வீசிவிட வேண்டும் போல ஒரு வெறி வந்து போனது.

பாட்டு முடிகிற சமயத்தில் செருப்புச் சத்தம் திரும்பி வந்தது. மூச்சு இரைந்தது.

"அண்ணே... மீட்டரை இறக்கிட்டேன். கண்ணாடியை உடைச்சுட்டேன். ரெண்டு கதவும் திறந்தாச்சு. உள்ளே உஸ்ஸுனு சத்தம் வருதுண்ணே. நாத்தம் தாங்கல."

"அவ? அவளைப் பார்த்தியா?"

"கால் தெரியுது. மேசைக்கு அந்தப்பக்கம். கால் மட்டும்தான் தெரியுது."

"அசையுதா?"

போனில் மின்விசிறி சுற்றியது.

"தங்கச்சி, அசையுதா?"

"தெரியலண்ணே. கூப்பிட்டேன், கூப்பிட்டேன்... தெரியல. நீங்க சீக்கிரம் வாங்க."

வீடு சேர மிச்சமிருந்த ஐந்து நிமிஷத்தை அவர் எப்படிக் கடந்தார் என்று பிறகு எவ்வளவு யோசித்தும் அவருக்குப் பிடிபடவில்லை. படி ஏறியது நினைவில்லை. கதவுக்கு முன்னால் நின்றதும் சாவித் துவாரத்தில் இரும்பு உரசுமே என்று அஞ்சி, வாயில் எச்சில் கூட்டிச் சாவியில் தடவியது மட்டும் நினைவிருக்கிறது. அது உதவுமா என்று யாருக்குத் தெரியும். கதவு திறந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே போனார். முதலில் சிலிண்டர். ரெகுலேட்டரைத் திருகி மூடினார். உஸ் நின்றது. அடுப்பு மேலெல்லாம் பால் வழிந்து ஆடை கட்டியிருந்தது.

அவள் நாற்காலிக்கும் மேசைக்கும் நடுவே ஒருக்களித்துக் கிடந்தாள். வாயோரம் நுரை. அக்குளில் கை கொடுத்து இழுத்தார். எந்தக் கனமும் தெரியவில்லை, அதுவே அவரை இன்னும் பயமுறுத்தியது. நடைக்கு இழுத்து, படிக்கட்டுவரை கொண்டுவந்து, தையல்காரி மடியில் தலையைச் சாய்த்தார். மூக்கருகே கையை வைத்தார். மூச்சு வருகிறதா இல்லையா என்று அவருக்குத் தெரியவில்லை.

"தள்ளுங்க" என்று தையல்காரி தன் விரலை வைத்துப் பார்த்தாள். "வருது. அண்ணே, வருது."

அவர் படியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது, விழுந்தார் என்பதுதான் சரி.

ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாய் வைத்துப் படுக்கவைத்தார்கள். இன்னும் பத்து நிமிஷம் போயிருந்தால் சொல்வதற்கில்லை, ஜன்னலை உடைத்ததுதான் காப்பாற்றியது என்றார் டாக்டர். இரண்டு மணி நேரம் கழித்து அவள் கண் திறந்தாள். கொஞ்ச நேரம் அவரை யாரோ போலப் பார்த்தாள். பிறகு ஆள் தெரிந்தது.

சாயங்காலம் மகள் போனில் வந்தாள். தையல்காரி எல்லோருக்கும் கேட்கும்படி போனை ஸ்பீக்கரில் போட்டுக் கட்டில்மேல் வைத்தாள்.

"அம்மா, எப்படிம்மா இருக்கே? அப்பா, ஒண்ணு கேக்கிறேன். பெட்டி இருக்கிறப்ப அம்மா ஏன் அடுப்பைப் பத்த வச்சாங்க? பெட்டி வேலை செய்யலையா? ஒரு மாசத்துல கெட்டுப்போற பெட்டியையா தலையில கட்டினாங்க? அந்தக் கம்பெனியை நான் சும்மா விடப்போறதில்ல. தச்சரையும் கூப்பிட்டுக் கேக்கிறேன்."

பாய்லர்காரர் மனைவியைப் பார்த்தார். பூட்டை அவள் பார்த்திருக்கிறாள். ஆறு தடவை கூப்பிட்டது அதற்குத்தான். அவள் நினைத்தால் ஒரு வார்த்தையில் போட்டு உடைத்துவிடலாம். உடைக்கவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். கம்பெனி மேல் பழியைப் போடுவதற்கு வழி அகலமாகத் திறந்து கிடந்தது. கெட்டுப்போச்சும்மா என்று இரண்டு சொல் போதும்.

"பெட்டி நல்லாத்தான் இருக்கு" என்றார். "நான்தான் பூட்டினேன்."

"என்னது?"

"நேத்து எவர்சில்வர் டம்ளரை உள்ளே வச்சுட்டேன். நெருப்பு பறந்துச்சு. பயந்துட்டேன். சுவிட்சை இறக்கிப் பூட்டிட்டு வேலைக்குப் போயிட்டேன். உங்கம்மாகிட்ட சொல்லல. போன் பண்ணிச் சொல்லலாம்னு இருந்தேன். முடியல."

தையல்காரி வாயில் கை வைத்தாள்.

"சாவி எங்கப்பா இருந்துச்சு?" என்றாள் மகள் கடைசியில்.

"என் பாக்கெட்டுல."

"சனிக்கிழமை நான் வரேன். அம்மாவை என்கூடக் கூட்டிட்டுப் போறேன். இதுல நீங்க ஒண்ணும் பேசாதீங்க." லைன் அறுந்தது.

பாய்லர்காரர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "போயிடுவியா?" என்று கேட்டார்.

"தெரியல" என்றாள் அவள். குரல் பிசிறியது. "அலமாரிக் கைப்பிடியைப் பிடிச்சு எவ்வளவு நேரம் இழுத்தேன் தெரியுமா? என் சமையலறையில, என் பாலுக்கு. வலிப்பு வரும் போகும்ங்க, அது எனக்குப் பழகிப்போச்சு. இன்னிக்கு உங்களைப் பார்த்தாத்தான் எனக்குப் பயமா இருக்கு."

வீட்டையும் அவளையும் காவல் காத்துவிட்டதாக நினைத்துத்தான் அவர் காலையில் கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

நர்ஸ் வந்து ஏட்டைப் புரட்டினாள். "கூட ஒருத்தர்தான் தங்கலாம். யாரு இருக்கப்போறீங்க?"

"நான்" என்று அவர் வாயெடுத்தார்.

"இவ இருக்கட்டும்" என்றாள் மனைவி, தையல்காரி கையைப் பிடித்துக்கொண்டு.

தையல்காரிக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. நர்ஸ் எழுதிக்கொண்டு போய்விட்டாள். அவர் மெதுவாக வாசல்வரை நடந்தார். அங்கே நின்று திரும்பினார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் எதற்கும் அவளிடம் உத்தரவு கேட்டதில்லை.

"காலையில நான் வரலாமா?"

அவள் கண்ணை மூடியிருந்தாள். தூங்கிவிட்டாளா, தூங்குகிற மாதிரி கிடந்தாளா என்று அவருக்குத் தெரியவில்லை.

"வாங்கண்ணே" என்றாள் தையல்காரி, சன்னமாக. "இப்பப் போங்க."